‘வெயிட் தூக்காதே’ என்பது சிகிச்சை ஆகாது

சீட்டில் முதுகுவலி என்றுதான் எழுதியிருக்கும். விசாரித்து, பரிசோதித்து, பயிற்சியும் சொல்லிக்கொடுத்து முடித்த பிறகு, கிளம்பப் பையை எடுத்துக்கொண்டே, "மேடம், இன்னொண்ணு கேக்கணும்" என்பார்கள். தரையிலிருந்து பளுக் கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்டில் எடை ஏறினால் யூரின் லீக் ஆகிறது. பேட் வைக்காமல் ஸ்கிப்பிங் பண்ண முடியவில்லை. ஜிம்முக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை, கறுப்பு பேண்டைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. பெண்களுக்கான பிசியோதெரபியில் இருக்கும் எனக்கு, இந்தக் கடைசி நிமிடப் பேச்சில்தான் பெரும்பாலும் உண்மையான விஷயம் கிடைக்கிறது.

பிள்ளை பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் இது வரும் என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளை பெறாத அமெரிக்கக் கல்லூரி வீராங்கனைகளிடம் இதைக் கேட்டார்கள். விளையாடும்போது கசிகிறது என்றவர்கள் 28 சதவீதம். சராசரி வயது இருபதுகூட இல்லை. பளு தூக்குகிற பெண்களிடம் இதைக் கேட்பதற்கு யாருக்கும் சங்கடம் வேண்டியதில்லை என்பதற்கு இதுவே போதும்.

இந்தக் கசிவில் நான் பார்ப்பது இடுப்பு அடித்தளத் தசைகளை. இடுப்பின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஒரு தூளியைப் போலக் கட்டியிருக்கும் தசைகள் இவை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. மேலே உதரவிதானம். மூச்சை இழுத்தால் அது இறங்கும், கூடவே இதுவும் சற்று இறங்கும். விட்டால் இரண்டும் ஏறும். கனமான எடையைத் தூக்குகிறவர் மூச்சை அடக்கி வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறார். முதுகெலும்பைக் காப்பதே அந்த அழுத்தம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. அது ஏறுகிற நொடியில் அடித்தளமும் சேர்ந்து இறுகுகிறதா, இல்லை அழுத்தம் முழுவதும் கீழே தள்ளப்படுகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஒரு பவர்லிஃப்டிங் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகாதவள், மாநிலப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். 90 கிலோ வரை ஒன்றுமில்லை. 100-ஐத் தொட்டால் கசியும். இதற்கு முன் பார்த்த மருத்துவர், "வெயிட் தூக்கறத விட்டுடும்மா, நாளைக்குப் புள்ள பெக்கணுமில்ல" என்று அனுப்பிவிட்டார். அவளோ இணையத்தில் பார்த்து, இந்தத் தசைகளை இறுக்கி விடும் கீகல் பயிற்சியை ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸில், வகுப்பில், படுக்கையில் என்று நாளுக்கு நூறு, நூற்றைம்பது தடவை. கசிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

உள்பரிசோதனை என்றதும் அவள் அம்மாவின் முகம் மாறியது. அது அவசியமில்லை என்று சொல்லிவிட்டு, அடிவயிற்றின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தேன். திரையில் கறுப்பாகத் தெரிவது சிறுநீர்ப்பை. அதன் அடியிலுள்ள கோடு, தசையை இறுக்கினால் மேலே ஏற வேண்டும். "இறுக்கும்மா" என்றேன், கோடு அசையவில்லை. "விடு" என்றேன், அப்போதும் அசையவில்லை. பலவீனத்தால் அல்ல. ஏற்கெனவே முழுக்க இறுகிப் போய் நின்ற தசை, இறுக்கச் சொன்னால் எங்கே போகும்? "எந்நேரமும் வயித்த உள்ள இழுத்துப் புடிச்சுக்கிட்டேதான் இருப்பா டாக்டர்" என்றார் அம்மா. பக்கவாட்டு விலா விரிய மூச்சை இழுக்கச் சொல்லி, தாடையையும் வயிற்றையும் தளர்த்த வைத்தேன். வெகு நேரம் கழித்து அந்தக் கோடு மெல்ல இறங்கியதை அவளே திரையில் பார்த்தாள். "இதுதான் லூஸா இருக்கறதா?" என்று கேட்டாள்.

1948-ல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, இறுக்கத்தை அளந்து அந்தப் பெண்ணுக்கே காட்டும் கருவியையும் சேர்த்துத்தான் கொடுத்தார். கருவியை மறந்துவிட்டோம், பயிற்சியின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1991-ல் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தபோது, சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் கசிவைக் கூட்டும் விதத்தில் முக்கினார்கள். தசை தளர்ந்துபோனவர்களுக்கு இந்தப் பயிற்சி நன்றாகவே பலன் தரும்: ஒரு வேளைக்கு 8 தடவையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். பிரசவத்துக்குப் பிறகு ஜிம்முக்குத் திரும்புகிறவர்களுக்கு நானும் இதைத்தான் தருகிறேன். ஆனால் யாருக்கு எது என்று பார்க்காமல் எல்லோருக்கும் "இறுக்குங்க" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

படுக்கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது பார்பெல் முன் நிற்காது. அதனால் அவளுடைய ஜிம்முக்கே போனேன். மாஸ்டர் முதலில் தயங்கினார். பிறகு அவரே பிளேட் மாற்றிக் கொடுத்தார். பெல்ட்டை மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கியிருந்தாள். மூச்சை இழுத்து, அடிவயிற்றைக் கீழ்நோக்கித் தள்ளி, அப்படியே பார்பெல்லை இழுத்தாள். பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்தினோம். எடையை 80-க்கு இறக்கினோம். மூச்சு முதுகுப் பக்கமும் நிறையட்டும், கம்பி தரையை விடும் முன் அடித்தளத்தை லேசாக மேலே தூக்கு, முட்டியைத் தாண்டியதும் மூச்சை விடு, கீழே வைத்ததும் எல்லாவற்றையும் தளர்த்து. இந்தக் கடைசியை அவள் மறந்துகொண்டே இருந்தாள், மாஸ்டர்தான் ஒவ்வொரு ரெப்புக்கும் "விடும்மா, விடு" என்று குரல் கொடுத்தார்.

சாப்பாட்டையும் கேட்டேன். முட்டையும் புரோட்டீன் பவுடரும் இருந்தன, கீரையும் காயும் இல்லை. மலச்சிக்கலில் தினமும் முக்கினால் இதே தசைகள்தான் அடிபடும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், அவசரம் கூடும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டாக வேண்டும். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாத பெண்களுக்கு அது நின்றுபோகலாம். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கியது போன்ற உணர்வு, கால் மரத்துப்போவது இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

சில மாதங்களில் அவள் 110-ஐக் கசிவில்லாமல் தூக்கினாள். போட்டியில் மூன்றாவது அட்டெம்ப்டில் மட்டும் கொஞ்சம் கசிந்ததாம். "பரவால்ல மேடம், எதனாலன்னு தெரிஞ்சுது. மூச்ச முன்னாடியே விட்டுட்டேன்" என்றாள்.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்குதலை முதன்முதலாகச் சேர்த்தார்கள். இந்தியாவின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். அதற்குப் பிறகும் பெண் பிள்ளை எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பயமுறுத்தி நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். நிறுத்தினால் கசிவு தெரியாமல் போகும், அவ்வளவுதான். எலும்புக்கும் மனசுக்கும் அவள் சேர்த்துவைத்த பலமும் கூடவே போய்விடும்.

அந்த மாஸ்டர் பிறகு தன் ஜிம்மிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் பேசச் சொல்லி அழைத்தார். அம்மாக்களும் வந்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். "எனக்கும் இருமினா வருதும்மா. நானும் வெயிட்டுதான தூக்கறேன், என்னைய யாரு தூக்காதன்னு சொன்னா?" என்றார். வேலை இல்லாத நாளில் வரச் சொன்னேன். அவருக்குத் தசை தளர்ந்திருந்தது. கீகல் பயிற்சியைத் திரையில் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். கலவைச் சட்டி இடுப்பிலிருந்து தலைக்கு ஏறும் நொடியில் எப்படி மூச்சை விடுவது என்பதை, ஒரு சட்டியில் மணலை நிரப்பி வைத்து இப்போது பழகிக்கொண்டிருக்கிறோம்.