முள்ளோடைக்கும் மரப்பாலத்துக்கும் நடுவே கரையும் பெட்ரோல்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் இருசக்கர வண்டியில் வேலைக்குச் சென்று திரும்புகிறேன். போவதற்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர், வருவதற்கும் அவ்வளவே. பெண்ணையாற்றைக் கடந்து முள்ளோடைக்கு வந்ததும் புதுச்சேரி எல்லை தொடங்கிவிடுகிறது. அங்குள்ள பெட்ரோல் பங்க்குகளில் காலை, மாலை இரு வேளையும் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் வரிசையில் நிற்பதைக் காணலாம். புதுச்சேரியில் பெட்ரோல் மீதான மதிப்புக்கூட்டு வரி குறைவு என்பதால், எல்லையைத் தாண்டி டேங்க்கை நிரப்பிக்கொண்டு வருவது கடலூர்க்காரர்களின் நெடுநாள் வழக்கம். வேலை நிமித்தம் அந்த வழியே செல்கிறவர்களுக்கு அது ஆதாயம்தான். பெட்ரோல் போடுவதற்கென்றே வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள், கிடைக்கிற மிச்சத்தில் ஒரு பகுதியைப் போகும் வழியிலேயே எரித்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகளாக எரிபொருள் சிக்கனம் என்றால் முள்ளோடையில் நிரப்புவது மட்டுமே என்று நினைத்திருந்தேன். நிரப்பிய பெட்ரோலை எப்படிச் செலவழிக்கிறேன் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு வண்டியின் மைலேஜ் குறைந்துகொண்டே வந்ததால், எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன். மாலையில் போனபோது, கழற்றி வைத்திருந்த பின்சக்கர பிரேக் ஷூவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சார், இன்ஜின்ல ஒரு கொறையும் இல்ல. இதப் பாருங்க, மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள இரும்பு தெரியுது. கால பெடல்லயே வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க."

"அதனாலயா அண்ணே மைலேஜ் கொறையுது?"

"பின்ன? ஒரு பக்கம் ஆக்சிலேட்டர முறுக்குறீங்க, இன்னொரு பக்கம் பிரேக்க அழுத்துறீங்க. வண்டி எதத்தான் கேக்கும்?"

அன்றிரவு அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் நானும் சேர்ந்து ஏறத்தாழ 200 கிலோ எடை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அந்த எடையில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 28 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேருகிறது, மீதியெல்லாம் வெப்பமாகவும் புகையாகவும் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், நின்ற வண்டியை ஒருமுறை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர மூன்றரை மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். பிரேக்கை அழுத்தி நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் அந்த மூன்றரை மில்லி, பிரேக் ஷூவில் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் என்று ஊருக்கு ஊர், சந்திப்புக்குச் சந்திப்பு ஒருவழிப் பயணத்தில் இருபது முறை அப்படி நிறுத்தினால் 70 மில்லி போய்விடும். அந்தப் பயணத்துக்கு மொத்தமே அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் செலவாகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள காராக இருந்தால், அதே வேகத்திலிருந்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பதினேழு மில்லி. முள்ளோடையில் நான் மிச்சம் பிடித்த காசை, அதைவிடக் கூடுதலாகவே மரப்பாலம் வரும் முன் கொட்டிவிட்டிருந்தேன் என்பது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது.

அதன் பிறகு மாற்றிக்கொண்ட முதல் பழக்கம், பார்வையை முன்னே இருக்கும் வண்டியின் பின்விளக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் அதற்கும் அப்பால் கொண்டு செல்வது. கடலூர் சாலையில் பேருந்து எங்கே நிற்கும் என்பது அன்றாடம் போகிறவனுக்குத் தெரியும். இருந்தும் அதன் பின்னாலேயே முறுக்கிக்கொண்டு போய், அது நிறுத்தத்தில் ஒதுங்கும்போது பிரேக்கை அழுத்துவதும், நடத்துநரின் விசில் கேட்டதும் மறுபடி முறுக்குவதுமாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பேருந்துக்கும் எனக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுகிறேன். அது வேகம் குறைக்கத் தொடங்கும்போதே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், நான் அருகில் போய்ச் சேருவதற்குள் பெரும்பாலும் அது புறப்பட்டுவிடுகிறது. நின்று கிளம்புவதைவிட, மெல்ல உருண்டுகொண்டிருக்கிற வண்டியை மீண்டும் வேகப்படுத்துவதற்கு ஆகும் பெட்ரோல் மிகவும் குறைவு. சிக்னலிலும் அப்படியே: தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் அங்கே விரைந்து போய் நிற்பதில் எந்த லாபமும் இல்லை. இடைவெளி விட்டால் வேறொரு வண்டி குறுக்கே புகுந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புகுகிறது, மறுக்கவில்லை, அதற்குப் பின்னாலும் அதே இடைவெளியை விட்டுக்கொள்கிறேன். இதனால் அலுவலகம் சேர ஆகும் கூடுதல் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதில்லை.

வண்டி உருண்டு செல்லும்போது கியரில் இருக்க வேண்டுமா, நியூட்ரலில் இருக்க வேண்டுமா என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் விவாதம். என் தந்தையார் சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, சில வேளைகளில் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர். கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது, ஏனென்றால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஓடுகிற இன்ஜின் கார்புரேட்டர் வழியே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பின் விற்பனையாகும் இருசக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பெட்ரோலைப் பீய்ச்சித் தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறைக்கு மாறிவிட்டன. கார்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மாறிவிட்டன. இந்த முறையில், வண்டி கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது என்பதை உணர்ந்து, கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலுக்கு மாற்றினாலோ இன்ஜின் அணையாமல் இருப்பதற்காக ஐடிலிங் அளவு பெட்ரோலைத் தொடர்ந்து தர வேண்டியிருக்கிறது. ஆகவே, பாலத்தின் இறக்கத்திலும் சந்திப்பை நெருங்கும்போதும் கியரிலேயே உருண்டு வருவதுதான் சிக்கனம். இன்ஜினின் இழுப்பும் சேர்வதால் பிரேக்கின் வேலையும் குறைகிறது. காரில் சாவியை அணைத்துவிட்டு இறங்குவதோ பேராபத்து. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணை விசை போய்விடும், சாவி முழுவதும் திரும்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். சில லிட்டர் பெட்ரோலுக்காக யாரும் அதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதைத் தந்தையாருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. பத்துக் கிலோமீட்டர் தூரத்தை 60-இல் கடக்கப் பத்து நிமிடமும் 80-இல் கடக்க ஏழரை நிமிடமும் ஆகும். கடலூர் சாலையில் அந்த 80-ஐ எவராலும் பத்துக் கிலோமீட்டருக்குத் தொடர்ந்து பிடித்து வைத்திருக்க முடியாது என்பதால் அந்த இரண்டரை நிமிடமும் உண்மையில் கைக்கு வருவதில்லை. 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்று பல காலமாகச் சொல்லிவருகிறது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் காரை எடுத்துச் செல்லும் நாட்களில், சாலை காலியாக இருப்பதைப் பார்த்துக் கால் தானாகவே அழுத்துகிறது. அங்கே நான் எனக்கு விதித்துக்கொண்டிருக்கும் எல்லை 80.

டயரில் காற்று குறைவாக இருந்தால் டயர் சப்பையாக அமுங்கி, ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதில் ஆற்றல் வீணாகிறது. இதை அறியாதவர் குறைவு. ஆனால் எவ்வளவு காற்று, எப்போது அடிப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. காற்று அடிக்கும் இடத்தில் "எவ்ளோ சார்?" என்று கேட்டால், பெரும்பாலோர் "பார்த்து வைங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் வண்டிக்கு உரிய அளவை நிறுவனமே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது: காரில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படும், இருசக்கர வண்டியில் சங்கிலி மூடியின் பக்கமோ கையேட்டிலோ இருக்கும். அந்த அளவு குளிர்ந்த டயருக்கு உரியது. சித்திரை வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் காற்று விரிவடைந்து அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதை நம்பினால் மறுநாள் காலையில் உண்மையில் குறைவாகவே இருக்கும். நான் மாதம் இருமுறை, காலையில் புறப்பட்டதும் வீட்டுக்கு மிக அருகில் உள்ள கடையிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

முதலியார்பேட்டையைத் தாண்டி வரும் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது, இன்ஜினை அணைக்காமல் புகைவிட்டுக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. சும்மா நிற்கும் கார் ஒன்று ஒரு மணி நேரத்தில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடித்துவிடும், ஏசி ஓடினால் இன்னும் கூடும். அணைத்து மீண்டும் உயிர்ப்பித்தால் அதிகம் செலவாகும் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தோடு போயிருக்க வேண்டியது. இன்றைய இன்ஜினில் பத்து விநாடிக்கு மேல் நிற்பதென்றால் அணைப்பதே லாபம். பின்னால் நிற்கிறவர்கள் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் இருப்பார்கள் என்பது எனக்கு அந்தப் பெட்ரோலைவிடவும் பெரிதாகப் படுகிறது.

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியை முழுவேகத்தில் வைக்காமல், கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டி அனல் காற்றை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுவது, டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்கி வைப்பது, சங்கிலிக்கு எண்ணெய் விடுவது ஆகியவையும் உதவும். கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே நெரிசலில் ஓட்டுவதும் பிரேக் பெடலில் கால் வைத்து ஓட்டுவதற்கு உடன்பிறந்த பழக்கமே.

இவற்றையெல்லாம் செய்து பயன் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வண்டியின் மீட்டர் காட்டும் எண்ணை நம்பாமல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒரே பங்க்கில், குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வேன்; அடுத்த முறை அதே அளவுக்கு நிரப்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுத்தால் சரியான மைலேஜ் கிடைக்கும். ஒரே ஒரு நிரப்பலை வைத்து முடிவு செய்யக் கூடாது. மழை, எதிர்க்காற்று, பின்னால் ஆள் ஏற்றிய நாள் என்று எண்ணிக்கை ஏறி இறங்கும். நான்கைந்து நிரப்பல்களின் சராசரியைப் பார்க்க வேண்டும். பட்டறைக்குப் போன மாதத்தில் லிட்டருக்கு 46 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தின் கடைசி வரியில் 54 என்று இருக்கிறது. இதில் புது பிரேக் ஷூவின் பங்கு எவ்வளவு, என் காலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நோட்டுப் புத்தகம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. விடுமுறை நாட்களில் பாலுக்கும் காய்கறிக்கும் கடைத்தெரு வரை அரை கிலோமீட்டர், முக்கால் கிலோமீட்டர் என்று ஐந்தாறு முறை போய்வரும் வாரங்களில் மைலேஜ் தவறாமல் இறங்குகிறது. இன்ஜின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்த மகளின் பழைய சைக்கிளுக்கு இரண்டு டியூபும் ஒரு சீட்டும் மாற்றினேன். கடைத்தெருவுக்கு இப்போது அதில்தான் போகிறேன்.