மின்சாரக் காரில் ஊட்டி மலை

சென்னையிலிருந்து ஊட்டிக்கு மின்சாரக் காரில் போகும்போது சமவெளியில் பெரிய கவலை இல்லை. சேலம், கோவை நெடுஞ்சாலையில் ஹோட்டல்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் ஃபாஸ்ட் சார்ஜர்கள் வந்துவிட்டன. எரிச்சல் என்னவென்றால், ஆளுக்கொரு ஆப், ஆப்புக்கொரு வாலட். பெருந்துறை அருகே ஓரிடத்தில் வாலட்டில் பணம் போட்ட பிறகுதான் சார்ஜிங் கன் வேலை செய்யாதது தெரிந்தது. எப்படியோ சமாளித்து மேட்டுப்பாளையம் வந்து 80% ஏற்றினோம். அதற்கு மேல் காத்திருப்பது வீண். பேட்டரியைக் காப்பாற்ற காரே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும்.

மலையில்தான் விஷயமே இருக்கிறது. திரையில் 240 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. ஊட்டியோ 50 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. வண்டி, நாங்கள் நால்வர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து சுமார் 1,700 கிலோ. அதை 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 9 யூனிட் வேண்டும். சாலையில் உருண்டு போகும் செலவு தனி. கல்லாற்றில் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸைக் காட்டிவிட்டு ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சார்ஜ் சரசரவென இறங்கியது. ஊட்டியில் 39% இருந்தது. 40 யூனிட் பேட்டரிக்கு இது நியாயமான செலவுதான்.

தங்கிய இடம் பழைய பங்களா. 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் மின்சாரம் ஏற்றவே ஏற்றாது. அங்கிருந்த பையன் சமையலறைப் பக்கம் ஒரு பாயின்ட்டைக் காட்டினான். “சார், இது கீசருக்குப் போட்டது. இதுல கார் ஓடுமா?” ஓடியது. விடியும்வரை விட்டிருந்தால் நிரம்பியிருக்கும், ஆனால் 75 சதவீதத்தில் நிறுத்தினேன். இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும், கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்கு இடமிருக்காது. பாரமெல்லாம் பிரேக் மீதுதான் விழும். மலை மேல் தங்குகிறவர்கள் சார்ஜை முழுசாக ஏற்றாதீர்கள்.

கோத்தகிரி வழியாக இறங்கினோம். மலைச்சாலையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் வரும். இந்த வண்டியில் மாற்றக் கியரே கிடையாது, அந்த வேலையை ரீஜென் செய்கிறது. முன்னால் போன வேனிலிருந்து பிரேக் கருகும் வாடை வந்தது, நான் பெடலைத் தொட்டதே அபூர்வம். கோத்தகிரியில் 71% இருந்தது, மேட்டுப்பாளையத்தில் 78%.

ஆனால் பின்சீட்டில் அத்தைக்கு இந்த லாபம் பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கும்போதெல்லாம் வண்டி இழுத்துப் பிடிக்கிறதே! “தம்பி, வயித்தப் பெரட்டுது, மெதுவா விடுப்பா” என்றார். பாதி மலையில் ரீஜெனை ஒரு படி குறைத்தேன். இல்லாவிட்டால் இன்னும் ஓரிரு சதவீதம் கூடியிருக்கும்.