ஒற்றிக் காணியும் ஒத்துவராத நிபந்தனைகளும்

நல்லூரில் இரண்டு பரப்புக் காணிக்கு விற்பனை உடன்படிக்கை எழுதி, முற்பணமும் கொடுத்திருந்தேன். காணி ஒற்றியில், அதாவது கடனுக்கு ஈடாக, இருந்தது. கடன் கொடுத்த ஒற்றிக்காரர் வட்டிக்குப் பதிலாக அதை அனுபவித்துக்கொண்டிருந்தார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

சிக்கல் உடன்படிக்கைக்குள் இருந்தது. ஆறு மாதத்துக்குள் மிகுதிப் பணத்தை நான் கட்டாவிட்டால் முற்பணம் பறிபோகும் என்றது ஒரு நிபந்தனை. விற்பவர் ஒற்றியை மீட்டு, வில்லங்கம் இல்லாமல் தந்த பிறகே நான் மிகுதியைக் கட்ட வேண்டும் என்றது இன்னொன்று. விற்பவரோ என்னுடைய மிகுதிப் பணத்தை வாங்கித்தான் ஒற்றியை மீட்க இருந்தார். யார் முதலில் அசைவது?

இதற்கிடையில் காணி விலை ஏறிவிட்டது. ஒருநாள் அவரே வந்தார்.

"தம்பி, உங்கட காசு ஏன் சும்மா முடங்குவான்? முற்பணத்தை இரட்டிப்பாத் தாறன், விட்டிடுங்கோ."

விற்பவர் தவறினால் இரண்டு மடங்கு திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அதைத் தனக்கு வெளியேறும் வாசலாக வைத்துக்கொண்டார். ஏறிய விலைக்கு முன்னால் அந்த இரட்டிப்பு ஒன்றுமே இல்லை.

சட்டத்தரணி முதலில் உறுதியைத்தான், அதாவது எழுதிய பத்திரத்தைத்தான், பார்த்தார். இலங்கையின் 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கையும், பத்திரம் எழுத உரிமம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் வெள்ளைத்தாளும் செல்லாது. எங்களுடையது ஒழுங்காக இருந்தது. இரட்டிப்பாகத் திருப்பும் நட்டஈட்டு நிபந்தனை இருப்பதாலேயே காணியைக் கேட்கும் உரிமை போய்விடாது என்றார். காசா, காணியா என்று தெரிவு செய்யும் உரிமை விற்பவருக்குத் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருந்தால்தான் ஆபத்து. முழுப் பத்திரத்தையும் சேர்த்து வாசித்தே நீதிமன்றம் முடிவெடுக்குமாம்.

ஆறு மாதம் முடியும் முன்னர் செய்ததுதான் என்னைக் காப்பாற்றியது. பணம் தயார், ஒற்றியை மீட்டுத் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் கடிதம் போனது. குறித்த நாளில் வங்கிக் கட்டளையோடு நொத்தாரிசு அலுவலகத்தில் காத்திருந்தேன். அவர் வரவில்லை. வாங்குபவர் ஆயத்தமாக இருந்ததைக் காட்ட இப்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் யார் நம்புவார்?

அப்புறம் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்திலும் பதிந்தோம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பதிந்த பிறகு யார் அந்தக் காணியை வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். வேறு ஆள் பார்த்துக்கொண்டிருந்த விற்பவர் அதோடு இறங்கிவந்தார்.

வழக்கு விசாரணை வரை போகவில்லை, இணக்கத்தில் முடிந்தது. மிகுதிப் பணத்தில் ஒற்றித் தொகை நேராக ஒற்றிக்காரருக்கு, மீதி விற்பவருக்கு. ஒரே நாளில், ஒரே மேசையில், முதலில் ஒற்றி மீட்பு உறுதி, அடுத்து விற்பனை உறுதி. உடன்படிக்கை எழுதும்போதே இந்த ஒழுங்கை ஒரு வரியில் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். நொத்தாரிசு சிரித்துவிட்டு முத்திரைச் செலவுக் கணக்கை நீட்டினார்.