அட்டையில் நீந்துகிறவர்

முக்குளிப்புக்கும், மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்குமான பயணக் கையேடு ஒன்றுக்கு அட்டைப்படம் தேடும் வேலை என்னிடம் வந்தபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீலக் கடல், பவளப்பாறை, வண்ண மீன்கள். படங்களுக்கா பஞ்சம்? முடிக்க 11 வாரம் ஆனது.

கையேடு கரீபியன் கடலைப் பற்றியது. முதல் சுற்றில் சேர்ந்த படங்களில் விற்பனைப் பிரிவுக்கு மிகவும் பிடித்துப்போனது, கடல் சாமந்திக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். பார்த்ததும் யாருக்கும் பிடித்துவிடும் மீன்தான். ஆனால் கோமாளி மீன்கள் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வாழ்பவை. கரீபியன் சேர்ந்த அட்லாண்டிக் பக்கம் அவை இல்லை. அந்த அட்டையை நம்பி வருகிறவர் கரீபியன் தண்ணீரில் எத்தனை நாள் தேடினாலும் அந்த மீனைப் பார்க்கப் போவதில்லை.

அடுத்து வந்தது சிங்கமீன். விசிறி போன்ற துடுப்புகள், செம்பழுப்புக் கோடுகள், அட்டைக்கென்றே பிறந்தது போன்ற தோற்றம். அது கரீபியனில் இருக்கிறது, அங்கே இருப்பதுதான் சிக்கல். 1985இல் ஃபுளோரிடா அருகே முதலில் கண்ணில் பட்ட இந்த வந்தேறி, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கரீபியன் முழுக்கப் பரவி, உள்ளூர் மீன்களின் குஞ்சுகளை விழுங்கித் தீர்க்கிறது. முக்குளிப்பவர்களே ஈட்டியெடுத்து அதை வேட்டையாடுகிறார்கள். அதை வரவேற்பு முகமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வடிகட்டி மிஞ்சிய 14 படங்களை, நூலின் தகவல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த முக்குளிப்புப் பயிற்றுநரிடம் கொண்டுபோனேன். அழகு பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் முதலிடத்தில் வைத்திருந்த ஆமைப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். பேராமை ஒன்று மேல்நோக்கி வருகிறது. அதற்கு நேர் மேலே ஸ்நார்கெல் அணிந்த ஒருவர், ஓட்டிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் நீட்டிய கை.

“மேடம், இது மூச்சு எடுக்க மேலே வருது. இவர் வழியை மறிச்சுக்கிட்டு இருக்காரு. ஆமை எங்கே போகும்?”

அந்தப் படத்தைக் குறைந்தது ஐம்பது தடவை பார்த்திருப்பேன். ஒளி எப்படி விழுகிறது, தலைப்புக்கு இடம் இருக்கிறதா என்றே பார்த்திருந்தேன்.

அதன்பின் ஒவ்வொரு படமாக அவர் வாசிக்க வாசிக்க நானும் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் முதுகும் கறுப்புப் பட்டைகளும் கொண்ட சார்ஜென்ட் மேஜர் மீன்கள் ஒரு பெண்ணை மொய்க்கும் படம், கொண்டாட்டமாகத்தான் இருந்தது. மீன்கள் மனிதரை அப்படி மொய்த்தால் பெரும்பாலும் அங்கே யாரோ தீனி போட்டுப் பழக்கியிருக்கிறார்கள் என்றார். பார்த்தால், அந்தப் பெண்ணின் மூடிய விரல்களுக்கிடையில் வெள்ளையாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் முக்குளிப்பவரின், மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அழுத்தமானிக் குழாய் கட்டப்படாமல் தொங்கிப் பவளத்தின் மேல் உரசுகிறது. வேறொன்றில் முக்குளிப்பவர் காலில் மாட்டிய துடுப்பான ஃபின்னின் நுனி மூளைப் பவளத்தில் ஊன்றியிருக்கிறது. அந்தப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. தட்டு அளவுள்ள ஒன்றுக்குப் பின்னால் எத்தனை வருடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நூலுக்குள்ளே ‘பவளத்தைத் தொடாதீர்கள்’ என்று எட்டு இடங்களில் எழுதியிருந்தோம். கரீபியனில் உள்ள பொனேர் தீவின் கடற்பூங்காவில் முக்குளிப்பவர்கள் கையுறை போடவே அனுமதியில்லை. கையுறை போட்ட கை எதையாவது பிடிக்கத் துணியும் என்பதால். அதையும் எழுதியிருந்தோம். ஆனால் வாசகர் முதலில் பார்ப்பது அட்டையை. அதில் இருப்பவர் எப்படி நீந்துகிறாரோ அப்படித்தான் நீந்த வேண்டும் என்று மனம் எடுத்துக்கொள்ளும். எட்டு எச்சரிக்கைகளை ஒரு படம் அழித்துவிட முடியும். 14 படங்களில் மிஞ்சியவை மூன்று.

அந்த மூன்றில் மிக அழகானது ஒரு பழைய படம். எல்க் மானின் அகன்ற கொம்புகள் போலக் கிளை விரித்த எல்க்கார்ன் பவளக் காடு, அதன் மேல் தங்கக் கோடுகளாக வெயில். எடுத்த ஆண்டைக் கேட்டேன். 1970-களின் தொடக்கம். அதற்குப் பின்னான வருடங்களில்தான் வெண்பட்டை நோய் வந்து கரீபியனின் எல்க்கார்ன், மான்கொம்புப் பவளங்களில் பெரும்பகுதியை அழித்தது. 2014இல் ஃபுளோரிடா அருகே தென்பட்ட இன்னொரு பவள நோய் பல தீவுகளுக்குப் பரவியது. 2023 கோடையில் கடல் கொதித்துப் பவளங்கள் வெளிறிப்போயின. அந்தப் படத்தை அட்டையில் போடுவது, இறந்தவரின் இளவயதுப் படத்தைக் காட்டி ‘வாருங்கள், இவரைச் சந்திக்கலாம்’ என்பது போல. உள்ளே, பவளங்களின் வரலாறு சொல்லும் அத்தியாயத்தில், ஆண்டு குறிப்பிட்டு முழுப் பக்கத்துக்குப் போட்டோம். நூலிலேயே எனக்கு நெருக்கமான பக்கம் அதுதான்.

இரண்டாவது, ஆழத்தில் எடுத்த சிவப்புக் கடற்பஞ்சுப் படம். அதில் நிறம் பற்றிய விவாதம். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும். ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு மங்கத் தொடங்கி, பத்து மீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய இல்லாமலே போகும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கழன்று நீலமும் பச்சையும் மிஞ்சும். ஆழத்துப் படங்களில் செக்கச்செவேலென்று தெரிகிற கடற்பஞ்சு, ஃபிளாஷ் ஒளி காட்டிய நிறம். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். டார்ச் கொண்டுபோனால் அந்தச் சிவப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் இந்த நூலை வாங்குபவர்களில் பாதிப் பேராவது நீர்மட்டத்தில் மிதந்தபடி குனிந்து பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்கு வெயில் காட்டுவதைத்தான் நாமும் காட்ட வேண்டும் என்று வாதாடினேன். இரண்டாவது படம் அப்படி விலகியது.

தேர்வானது பாதி நீருக்கு மேலும் பாதி நீருக்குக் கீழுமாக எடுத்த படம். கேமராவுக்கு முன்னால் அரைக்கோளக் கண்ணாடி பொருத்தி, நீர்மட்டம் அதன் நடுவில் வருமாறு பிடித்து எடுப்பது. மேலே வெளிச்சம் அதிகம், கீழே குறைவு. கண்ணாடியில் ஒரு துளி நின்றாலும் வானத்தில் கறை விழும். அலை அடங்கும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் மேல் பாதி முழுக்க வெறும் வானம், தலைப்புக்குத் தாராளமான இடம். கீழே மூன்று மீட்டர் ஆழத்தில் விசிறி வடிவப் பவள வகையான கடல் விசிறி ஒன்று, ஊதா நிறத்தில், நீரோட்டத்துக்குச் சாய்ந்திருக்கிறது. ஒரு பெண் கைகளை உடலோடு சேர்த்து, ஃபின்களைச் சற்றே உயர்த்தி, விசிறிக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி மிதக்கிறார். பயிற்றுநர் அவருடைய கால்களையே வெகுநேரம் பார்த்தார். “இவங்களுக்கு நீந்தத் தெரியும்” என்றார்.

‘மீனே இல்லையே’ என்று விற்பனைப் பிரிவு வருத்தப்பட்டது, நியாயமான வருத்தம். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, இணையக் கடையில் எப்படித் தெரியும் என்று காட்டினோம். அந்த அளவில் மீன்கள் வெறும் புள்ளிகளாகக் கரைந்துபோயிருக்கும். நீர்க்கோடும் மனித உருவமும் தெளிவாக நின்றன. அதோடு ஒப்புக்கொண்டார்கள்.

அச்சு மாதிரி வந்த அன்று கடல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. திரை ஒளியால் காட்டும் நீலத்தை நான்கு மைகளால் கொண்டுவருவது கடினம். சியான் என்ற பச்சைநீல மையோடு மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மை கொஞ்சம் கூடினாலும் நீலம் ஊதாவாகச் சரிந்துவிடும். கடலில் மெஜந்தாவைக் குறைத்தால் கடல் விசிறியின் ஊதாவும் வெளிறியது. வடிவமைப்பாளர் விசிறியை மட்டும் தனியே பிரித்து, அதன் வலைப்பின்னலை ஓரம் ஓரமாக வரைந்தெடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தார். மூன்றாவது மாதிரியில் கடல் கடலாகவும் விசிறி விசிறியாகவும் வந்தன.

மறுபதிப்புக்கான வேலை தொடங்கியபோது, அதே அட்டை போதும் என்றார்கள். நான் புகைப்படக்காரருக்கு எழுதி, அந்தக் கடல் விசிறி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு மாதம் கழித்து, அங்கே இறங்கிய அன்றே எடுத்த படம் ஒன்றை அனுப்பினார். வலது ஓரம் கிழிந்திருந்தது. நீரோட்டத்துக்கு அதே போலச் சாய்ந்துகொண்டு, கையகலம் வளர்ந்திருந்தது.