கண்ணாடியில் ஒட்டிய ஏ

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய கார் அவரைவிட மூத்தது: 1930ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ, இரண்டு கதவு வைத்த டியூடர். அவருடைய அப்பா இதே மிச்சிகனில் புதிதாக வாங்கியது.

மாடல் ஏ அபூர்வமான கார் ஒன்றும் இல்லை. 1927 டிசம்பரில் வெளியே விட்டார்கள். நாலு வருஷத்துக்குள் 48 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிவிட்டார்கள். பழைய கார்கள் கூடுகிற இடத்துக்கு எப்போது போனாலும் நாலைந்து மாடல் ஏ நிற்கும். முக்கால்வாசி ஆணி ஆணியாகக் கழற்றி, புதுப் பெயின்ட் அடித்து, புதுத்துணி போட்டுத் தைத்தவை. தொழிற்சாலையை விட்டு வந்த அன்றுகூட அவை அப்படிப் பளபளத்திருக்காது.

பெரியவரின் கார் அந்த ரகம் இல்லை. ஓட்டுகிறவர் பக்கக் கதவில் முழங்கை படுகிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து, அடிப்பூச்சு தெரிகிறது. முப்பது வருஷம் அப்பாவின் முழங்கை, அப்புறம் இவருடையது. கூரையின் நடுப்பகுதி இரும்பே இல்லை. மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய, பூச்சுப் பூசிய துணி. அன்றைக்குக் கார்களை அப்படித்தான் செய்தார்கள். மழையிலும் பனியிலும் நிறுத்தியிருந்தால் துணி கிழிந்து மரம் உளுத்திருக்கும். போதாததற்கு இந்த ஊரில் குளிர்காலச் சாலைகளில் கொட்டுகிற உப்பு வேறு. அக்டோபரோடு காரை உள்ளே விட்டுப் பூட்டுகிற வழக்கம் அப்பா காலத்திலிருந்து தொடர்கிறது. கார் பிழைத்ததற்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காகிதம். நடுவில் ஏ என்ற ஆங்கில எழுத்து. மாடலின் பெயரைத்தான் ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பெரியவர் சிரித்தார். அது போர்க்காலப் பெட்ரோல் ரேஷன் முத்திரை. 1942 பிப்ரவரியோடு அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் செய்வதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலைகளெல்லாம் போர்த்தளவாடங்களுக்குத் திரும்பின. டயருக்கு ரேஷன், பெட்ரோலுக்கு ரேஷன், சாலையில் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக்கூடாது. ஏ முத்திரைதான் கடைசித் தட்டு: வாரத்துக்கு மூன்று நாலு காலன். பழைய இரும்பெல்லாம் உருக்குக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். ஆனால் இந்தக் காரைக் கொடுத்துவிட்டால் மாற்றாக வாங்கப் புதுக்கார் கிடையாது. அதனால் அப்பா கொடுக்கவில்லை. ஓட்டவும் வழியில்லை. கார் சும்மா நின்றது, நின்றதால் தேயவில்லை.

இனி என் கட்சி. எனக்குச் சோறு போடுவது பிரேக் வேலை. இந்தக் காரின் பிரேக்கைப் படுத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. எண்ணெய் அழுத்தம் எதுவும் இல்லை. மிதித்தால் தண்டு இழுக்கும், தண்டு நெம்புகோலை இழுக்கும், அப்படியே நாலு சக்கரம் வரைக்கும். ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு மாறியதே 1939இல்தான். பின்விளக்கு ஒன்றே ஒன்று, இடது பக்கம். முன்கண்ணாடி அந்தக் காலத்து ஒட்டுக்கண்ணாடி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள படலம் பழுத்து மஞ்சளாகி, ஓரங்களில் பிரிந்து குமிழ் விட்டிருக்கிறது. "பிரேக்கை விடுங்கள், கண்ணாடியையாவது மாற்றுங்கள்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன். மாற்றினால் ஏ போய்விடும். அந்தக் காகிதத்தை உரித்தால் தூள்தான் மிஞ்சும். அவர் அசையவில்லை. இப்போது நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொல்வது சரி என்று தொழில்முறையில் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் நானாக இருந்தாலும் மாற்ற மாட்டேன்.

போன மாதம் என்னை ஓட்டச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு கூத்து. பேட்டரி இறங்கியிருந்தது. ஆறு வோல்ட் பேட்டரி. பழக்கதோஷத்தில் கறுப்புக் கம்பியை, அதாவது நெகட்டிவை, சட்டத்தில் மாட்டப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இந்தக் காரில் பாசிட்டிவ்தான் சட்டத்தோடு சேர்கிறது. இருபது வருஷ இன்ஜினியர் நான்!

கிளப்புவதற்குச் சாவி போதாது. பெட்ரோல் தொட்டி நம் முழங்காலுக்கு நேராக, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பம்ப் இல்லை, தானாக இறங்கிவரும். முதலில் அதன் குழாயைத் திறக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கு இடது பக்கத்துக் குச்சி தீப்பொறியின் நேரத்துக்கு. அதை மேலே தள்ளவேண்டும். வலது குச்சி ஆக்சிலேட்டருக்கு. அதைக் கொஞ்சம் இறக்கவேண்டும். சோக்கை இழுத்துக்கொண்டே தரையில் இருக்கும் ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் 3.3 லிட்டர் இன்ஜின் உறுமிக்கொண்டு எழும். உடனே இடது குச்சியைக் கீழே இறக்கவேண்டும். மறந்தேன். இன்ஜின் சோம்பலாக இருமியது. பெரியவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டி இறக்கினார், உடனே குரல் மாறியது.

கியர் இன்னொரு வேடிக்கை. நம் கையில் முதல் கியர் என்று ஊறிப்போன இடத்தில் ரிவர்ஸ் இருக்கிறது. கிளட்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரல், விட்டுவிட்டு இன்னொரு தடவை மிதித்து அடுத்த கியர். வேகம் ஒத்துவராவிட்டால் பற்கள் கத்தும். நான் மூன்று தடவை கத்தவிட்டேன். நாற்பது குதிரைச் சக்தி. 35 மைலில் அவ்வளவு சுகமாகப் போகிறது, போர்க்கால வேகவரம்பை இந்தக் காரைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்று தோன்றியது. பெட்ரோல் அளவு காட்டும் எண் மேடு பள்ளத்துக்கெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிறது. அது தொட்டிக்குள் மிதக்கும் மிதவையோடு நேராக இணைந்தது.

சிக்னலில் நிற்கும்போதுதான் கவனித்தேன். முத்திரையின் பின்பக்கம் ஓட்டுகிறவரைப் பார்த்து இருக்கிறது. மங்கிய எழுத்தில் ஒரு கேள்வி: இந்தப் பயணம் உண்மையிலேயே அவசியந்தானா? ஏரி வரைக்கும் போய்விட்டு, இறங்காமலே திரும்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, பாதித் தெரு தாண்டிவிட்டேன். "குழாயை மூடினாயா?" என்று பின்னாலிருந்து குரல். திரும்பிப் போனேன்.