மா கேட்கிறார், மிசஸ் சென் எப்படி இருக்கிறார்

டிசம்பர் 27, 2013
எழுந்ததும் மாவின், என் மாமியாரின், முதல் கேள்வி, "பௌமா, மிசஸ் சென் எப்படி இருக்காங்களாம்?" பௌமா என்றால் வங்காளத்தில் மருமகள், நான்தான். மிசஸ் சென் என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கும் வங்காள நடிகை சுசித்ரா சென். தன் சிறுநீரக ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் எவ்வளவு என்று மா ஒருநாளும் கேட்டதில்லை.

டிசம்பர் 29
மிசஸ் சென்னுக்கு நுரையீரலில் தொற்றாம். பேப்பரை வாசித்துக் காட்டினேன். எந்தப் போட்டோ போட்டிருக்கான் என்று கேட்டார். பழையதுதான், வேறு எது கிடைக்கும்? 1978-ல் கடைசிப் படம் 'ப்ரணய் பாஷா' வந்த பிறகு அந்த அம்மா வெளியே முகம் காட்டியதே அபூர்வம். 2005-ல் பால்கே விருதுக்குக்கூட டெல்லி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விருதையே விட்டார், வீட்டை விட்டு வரவில்லை.

டிசம்பர் 31
சின்ன நாத்தனார் கமலாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். அவள் போகும்போது வாசலில் நின்று, "பெரிய சுசித்ரா சென்னு நினைப்பு" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இப்போது நினைத்தால் எரிகிறது. முகம் வீங்கி, முடி கொட்டி, கழுத்தில் குழாயோடு இருக்கும் ஒருத்தி யார் பார்க்கலாம் யார் பார்க்கக்கூடாது என்று சொல்லக்கூடாதா? மாவிடமும் கோபம்தான், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டு, பொய் சொல்லி அனுப்புவது நான்.

ஜனவரி 3
டயாலிசிஸ். நாலு மணி நேரம். குளிர்.

ஜனவரி 8
தூக்கம் வராமல் பேசிக்கொண்டே இருந்தார். மாவுக்கும் மிசஸ் சென்னுக்கும் இப்போது பங்களாதேஷில் இருக்கும் பாப்னாதான் ஊர். அந்த ஊர் ரமா தாஸ்குப்தா, அதான் மிசஸ் சென், 1947-ல் கல்யாணமாகி, 1953-ல் 'ஷாடே சுவாத்தோர்' படத்தில் உத்தம் குமாரோடு நடித்து, 1963-ல் மாஸ்கோ விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். மா அதை ஏதோ தன் அக்கா வாங்கின மாதிரி சொல்கிறார். அவரோட 'உத்தர் பால்குனி'யைத்தான் தமிழில் 'காவியத் தலைவி'யாக எடுத்தார்கள், சௌகார் ஜானகிக்கு எங்கள் அம்மா அழுதாள் என்றேன். "அழுதிருப்பா. ஆனா எங்க மிசஸ் சென் அழும்போது தாடையைத் தூக்குவா, பார்த்திருக்கியா?" சொன்னபடியே தாடையைத் தூக்கிக் காட்டினார். கழுத்துக் குழாய் இழுபட்டு முகம் சுளித்தார். அப்புறம் இரண்டு பேருக்குமே சிரிப்பு.

ஜனவரி 11
ராத்திரி போனில் 'தீப் ஜ்வேலே ஜாய்' பார்த்தேன். 1959. நோயாளியைக் குணப்படுத்தக் காதலிப்பதுபோல் நடிக்கிற நர்ஸ், கடைசியில் அதே மனநல மருத்துவமனையில் தானே நோயாளி. பார்த்திருக்கவே கூடாது.

ஜனவரி 14
பொங்கல். நொலேன் குட், அதாவது ஈச்ச வெல்லம், போட்டு வைத்தேன். மாவுக்கு ஒரு ஸ்பூன், டாக்டருக்குத் தெரியாமல்.

ஜனவரி 17
காலையில் மிசஸ் சென் போய்விட்டார். டிவியை அணைக்கப் போனேன், மா வேண்டாம் என்றார். கேவ்ராதலா மயானம், துப்பாக்கி மரியாதை, அத்தனை கூட்டம். மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"முகத்தைக் காட்டினானா?"

"இல்ல மா, மூடித்தான் கொண்டுபோனாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

கொஞ்ச நேரம் கழித்துச் சீப்பு கேட்டார். இருக்கிற நாலு முடியை வாரிவிட்டேன்.

ஜனவரி 19
ஆயா வரவில்லை. பதினோரு மணிக்கு டயாலிசிஸ். மழை வேறு