கிட்னி கல்லுக்குப் போய் கழுத்து ஆபரேஷனில் முடிந்தது

ரத்தத்தில் கால்சியம் 8.5-லிருந்து 10.5-க்குள் இருக்கணும். அம்மாவுக்கு 11.6. பழைய ரிப்போர்ட்டிலேயே அந்த எண் தடித்த எழுத்தில்தான் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கல்லுக்குப் பார்த்தவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், மலச்சிக்கலுக்கு ஒருவர் மருந்து கொடுத்தார், கால் வலிக்குப் பார்த்தவர் எலும்புத் தேய்மானம் என்று கால்சியம் மாத்திரையையே எழுதிக் கொடுத்தார்!

கடைசியில் ஒரு ஹார்மோன் டாக்டர்தான் ரத்தத்தில் பி.டி.எச். என்ற ஹார்மோனைப் பார்க்கச் சொன்னார். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கிறது, அவை சுரப்பதுதான் இந்த பி.டி.எச்., எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் ஏற்றும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் அவை அடங்கிப் போகணும், பி.டி.எச். இறங்கணும். அம்மாவுக்கு இரண்டுமே எகிறிக் கிடந்தன.

அடுத்து 24 மணி நேர சிறுநீர் டெஸ்ட், ஒரு நாள் முழுக்கச் சிறுநீரில் எவ்வளவு கால்சியம் வெளியே போகிறது என்று பார்ப்பது. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. லேப் கவுண்டரில் இருந்தவர் ஒரு சின்ன டப்பாவை நீட்டி, "காலையில பிடிச்சுக் குடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்மா" என்றார். டாக்டர் சீட்டைக் காட்டினாலும் அதே பதில். வந்த ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இது உதவாது என்று திருப்பிவிட்டார். காசும் போச்சு, முட்டி வலியோடு அம்மா பஸ் ஏறி இறங்கியதும் வீண். இந்த டெஸ்ட் சும்மா எழுதுவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரையாகவே கிட்னி கால்சியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்த ரிப்போர்ட் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் வரும், அவர்களுக்குக் கழுத்தை அறுத்தும் பிரயோஜனம் இல்லை.

வேறு லேபில் பெரிய கேன் கொடுத்தார்கள். முதல் நாள் காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம் மறுநாள் காலையில் எழுந்ததும் போவது உட்பட சொட்டு விடாமல் சேர்க்கணும். கேனுக்குள் ஆசிட் இருந்தால் நேராகப் போகக் கூடாது, மக்கில் பிடித்து ஊற்றணும். இதை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்கேனில் ஒரே ஒரு சுரப்பி வீங்கியிருந்தது தெரிந்தது. அதை மட்டும் எடுத்தார்கள், ஆபரேஷன் சுலபமாகவே முடிந்தது.

மறுநாள் ராத்திரி அம்மாவுக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போய், விரலெல்லாம் ஊசி குத்த ஆரம்பித்தது. டூட்டியில் இருந்தவர் மயக்க மருந்து வேலை, சரியாகிவிடும் என்றார். நான் விடவில்லை, கால்சியம் பார்த்தே ஆகணும் என்று நின்றேன். 7.3! இத்தனை நாள் பறிகொடுத்த எலும்பு இப்போது ரத்தத்தில் இருப்பதை வாரி இழுத்துக்கொள்கிறதாம். உடனே கால்சியம் குளுக்கோனேட் டிரிப்ஸில் மெதுவாக ஏற்றினார்கள், விடிவதற்குள் மரப்பு விட்டது. இதுவே வீட்டுக்கு வந்த பிறகு நடந்தால் காலை வரைக்கும் பார்க்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், கை இழுத்துக்கொள்ளும், வலிப்பு வரைக்கும் போகும்.

இப்போது 9.2. கால்சியம் மாத்திரை இன்னும் ஓடுகிறது. கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு போடணும். அம்மா மாதிரி தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடணும், அதையும் எங்களுக்குச் சொன்னது மருந்துக்கடைக்காரர்தான்.